மலாக்காவின் திருவிழாப் பருவம் யாருடையது?

பிரான்சின் தென்கரையில் உள்ள நீஸ் நகரம் தன் கார்னிவல் விழாவை 1873இல் குழு அமைத்து ஒழுங்குபடுத்தியது. குளிரிலிருந்து தப்பி வந்து தங்கியிருந்த செல்வர்களுக்குப் பொழுது போக வேண்டும், அவர்கள் இன்னும் சில வாரம் தங்க வேண்டும் என்பதுதான் நோக்கம். அருகிலுள்ள மாந்தோன் நகரம் 1930களில் எலுமிச்சைத் திருவிழாவைத் தொடங்கியதும் ஏறக்குறைய அதே காரணத்துக்காகத்தான். பிப்ரவரியில் விடுதிகள் காலியாகக் கிடக்கக் கூடாது. தோட்டங்களில் பழம் காய்த்துத் தொங்குகிறது. இரண்டையும் சேர்த்தால் ஒரு விழா. மத்தியதரைக் கடலோரத்தில் பருவத்தை வகுப்பது வானிலை. வானிலை விட்டுவைத்த இடைவெளிகளை நிரப்புவது விழா. உலகச் சுற்றுலாத் துறை இன்று பேசும் ‘சீசன்’ என்ற சிந்தனை பெருமளவுக்கு அந்தக் கரையில் உருவானது. அங்கிருந்து அது எல்லாக் கடற்கரைகளுக்கும் போனது, வெயிலும் மழையும் வேறு விதமாக நடந்துகொள்ளும் கரைகளுக்கும் சேர்த்து.

மலாக்கா அப்படிப்பட்ட ஒரு கரை. நிலநடுக்கோட்டுக்கு வடக்கே இரண்டு பாகை தள்ளியிருக்கும் இந்த ஊரில் சராசரி வெப்பம் ஆண்டு முழுவதும் ஏறத்தாழ 27 பாகை. ஜனவரிக்கும் ஜூலைக்கும் உள்ள வேறுபாட்டைத் தோலால் உணர முடியாது. சுமத்ரா தீவு எதிரே அரணாக நிற்பதால் நீரிணையில் பெரிய சீற்றமும் குறைவு. ஆகவே வானிலையை வைத்து இங்கே பருவம் கட்ட வழியில்லை. ஆனாலும் மலாக்காவில் பருவங்கள் இருக்கின்றன. கூட்டம் பெருகும் வாரங்களும் வற்றும் வாரங்களும் இருக்கின்றன. அந்தப் பருவங்களை உருவாக்குவது இங்கு வாழும் சமூகங்களின் கடமை நாள்காட்டி என்பதே இக்கட்டுரையின் வாதம். நேர்த்தி, முன்னோர் வழிபாடு, உபயம், ஆண்டுக்கொரு முறை ஊர் திரும்புதல் ஆகியவை சேர்ந்து நெய்த நாள்காட்டி அது. அதிலும் தமிழர்கள் சுமக்கும் பகுதி, அவர்களின் எண்ணிக்கைக்கு மிஞ்சியது. இதை ஒத்துக்கொண்டால், திருவிழாவைச் ‘சுற்றுலா ஈர்ப்பு’ என்று பட்டியலிடும் அரசு முதலில் கேட்க வேண்டிய கேள்வி மாறிவிடும். எத்தனை பேர் வருவார்கள் என்பது அப்புறம். விழா எடுப்பவர்கள் நிற்பதற்கு நிலம் இருக்கிறதா என்பது முதலில்.

ஒரு காலத்தில் மலாக்காவுக்கும் இயற்கை வகுத்த பருவம் இருந்தது. அது காற்றின் பருவம். தென்மேற்குப் பருவக்காற்றில் இந்தியக் கரைகளிலிருந்து வந்த கப்பல்களும் வடகிழக்குப் பருவக்காற்றில் சீனத்திலிருந்து வந்த கப்பல்களும் இங்கே தங்கிக் காற்று திரும்பக் காத்திருந்தன. 1512க்கும் 1515க்கும் இடையில் இங்கிருந்த போர்ச்சுக்கீசிய மருந்தாளர் தொமே பிரேஸ், இந்தத் துறைமுகத்தில் 84 மொழிகள் கேட்டதாக எழுதி வைத்தார். எண்ணில் மிகை இருக்கலாம், காட்சி பொய்யில்லை. சுல்தான்களின் ஆட்சியில் வணிகர்களைக் கவனிக்க நான்கு ஷாபந்தர்கள் இருந்தார்கள். அவர்களில் ஒருவரின் பொறுப்பில் சோழமண்டலக் கரையினரும் வங்காளம், பெகு, பாசாய் வணிகர்களும் இருந்தனர். 1511இல் போர்ச்சுக்கீசியர் ஊரைப் பிடித்தபின் தமிழ் வணிகர் நைனா சட்டுவுக்குப் பெண்டஹாரா என்னும் உயர்பதவி கொடுக்கப்பட்டது என்பதிலிருந்து இங்கே தமிழர்களின் கை எவ்வளவு ஓங்கியிருந்தது என்று ஊகிக்கலாம். காத்திருந்தவர்கள் சும்மா இருக்கவில்லை. வீடு கட்டினார்கள், உள்ளூர்ப் பெண்களை மணந்தார்கள், தெய்வங்களைக் குடிவைத்தார்கள். நீராவிக் கப்பல் வந்ததும் காற்றின் பருவம் பொருளற்றுப் போனது. அது விட்டுச்சென்ற குடிகளும் கோயில்களும் நிலைத்தன. இன்றைய மலாக்காவின் விழா நாள்காட்டி அந்தக் குடிகளிடமிருந்து தொடங்குகிறது.

காஜா பெராங்கில் வாழும் மலாக்கா செட்டிகளை எடுத்துக்கொள்வோம். வணிகத்துக்கு வந்த தமிழர்களுக்கும் உள்ளூர்ப் பெண்களுக்கும் பிறந்த வழியினர். வீட்டில் பேசுவது மலாய் கலந்த மொழி, பெண்கள் உடுத்துவது கெபாயா, வழிபடுவது சைவ முறையில். நகரத்தின் தங்கப் பட்டறைத் தெருவில், ஜாலான் துக்காங் எமாஸில், நிற்கும் ஸ்ரீ பொய்யாத விநாயகர் மூர்த்தி கோயில் 1781இல் எழுந்தது; டச்சு ஆட்சியினர் செட்டி சமூகத்தின் தலைவரான தெய்வநாயகம் செட்டிக்கு அளித்த நிலத்தில். சற்றுத் தள்ளிக் கம்போங் கிளிங் பள்ளிவாசல், 1748இல் தோன்றியது. அதற்கப்பால் செங் ஹூன் தெங் சீனக் கோயில். மூன்றும் ஒரே தெருவில் இருப்பதைச் சுற்றுலாக் கையேடுகள் ‘நல்லிணக்கத் தெரு’ என்று படம் போட்டுக் காட்டுகின்றன. தெருவைக் காட்டுவது எளிது. அந்தத் தெருவில் விழாவை நடத்திவந்த குடும்பங்கள் இப்போது எங்கே இருக்கின்றன என்று கையேடு சொல்வதில்லை.

செட்டிகளின் ஆண்டை இரண்டு படையல்கள் தாங்கி நிற்கின்றன. ஒன்று, பொங்கலுக்கு முந்திய நாளில் முன்னோருக்கு இடும் படையல், பார்ச்சு பொங்கல். மற்றொன்று, ஆண்டின் நடுவில் டுரியானும் ரம்புத்தானும் மங்குஸ்தீனும் பழுக்கும் காலத்தில் இடுவது, பார்ச்சு புவா. வாழையிலையில் உணவும் பழமும் வைத்து, இறந்தவர்களை அழைத்து, வீட்டார் கும்பிட்டு, பிறகு உறவுகள் சேர்ந்து உண்பார்கள். இதில் வெளியாள் பார்க்க என்ன இருக்கிறது? மேளமில்லை, ஊர்வலமில்லை, சமையலும் அமைதியும்தான். ஆனால் இந்தச் சமூகத்தை மூன்று அயல் ஆட்சிகளையும் தாண்டிப் பிடித்து வைத்தது, என் கணிப்பில், இந்த வீட்டுக்குள் நடக்கும் படையல்தான். மொழி போயிற்று, உடை மாறிற்று, தொழில் மாறிற்று. தாத்தாவுக்கு இலை போடும் நாள் மட்டும் மாறவில்லை. பழம் பழுக்கும் காலத்தை ஒட்டி ஒரு படையல் அமைந்தது என்பதையும் கவனிக்க வேண்டும். வெப்பமானி காட்டாத பருவத்தை மரம் காட்டுகிறது. மலாக்காவுக்குப் பருவமே இல்லை என்று சொல்பவர் கரையில் நின்று பார்த்துவிட்டுத் திரும்புபவர். தோப்புக்குள் போனவர் அப்படிச் சொல்லமாட்டார்.

காட்சிக்கு உரிய விழாவும் அவர்களிடம் உண்டு. காஜா பெராங் ஸ்ரீ முத்து மாரியம்மனுக்கு ஏப்ரல், மே மாத வாக்கில் பத்து நாள் எடுக்கும் விழாவை ஊரார் ‘டத்தோக் சச்சார்’ என்கிறார்கள். அம்மை நோய்க்கு அதிபதியான அம்மனைக் குளிர்விக்கும் விழா. காவடியும் அலகும் நேர்த்தியும் பொய்யாத விநாயகர் கோயிலையும் மாரியம்மன் கோயிலையும் இணைத்து நகரும். உலகச் சுகாதார நிறுவனம் பெரியம்மையை ஒழித்துவிட்டதாக 1980இல் அறிவித்தது. நோய் போய் நாற்பது ஆண்டுக்கு மேலாகியும் விழா நிற்கிறது. காரணம் மறைந்த பிறகும் கடமை நிலைப்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று மலாக்காவில் இல்லை. நேர்ந்துகொண்டவர் நேர்த்தியைச் செலுத்துகிறார், அவர் பிள்ளை அதைத் தொடர்கிறார், சிங்கப்பூரிலோ கோலாலம்பூரிலோ குடியேறிய பேரன் அந்த வாரத்துக்கு விடுப்பு எடுக்கிறான். சுற்றுலாத் துறை திட்டமிட்டு அழைக்காத இந்தக் கூட்டத்தால்தான் அந்த வாரத்தில் ஊர் நிரம்புகிறது.

இப்போது மாசி மகத்துக்கு வருவோம். மலாக்கா மாநிலத் தமிழர்களின் பெருவிழா எது என்று கேட்டால் பலரும் தைப்பூசத்தைச் சொல்லமாட்டார்கள், இதைத்தான் சொல்வார்கள். தமிழ்நாட்டில் மாசி மகம் நீர்நிலைக்கு இறங்கும் நாள். கும்பகோணத்தில் குளத்துக்கு, புதுச்சேரியின் வைத்திக்குப்பம் போன்ற கரைகளில் கடலுக்கு, சுற்றுப்பட்டு ஊர்களின் உற்சவ மூர்த்திகள் தீர்த்தவாரிக்கு வருகின்றன. பினாங்கின் தெலுக் பஹாங்கிலும் விழா கடலை நோக்கியே போகிறது. மலாக்காவில் திசை தலைகீழ். முருகப்பெருமான் வெள்ளி ரதத்தில் துறைமுக நகரின் பொய்யாத விநாயகர் கோயிலிலிருந்து புறப்பட்டு, கடலுக்கு முதுகைக் காட்டி, உள்நாட்டில் செங் பகுதியில் உள்ள சந்நியாசிமலை ஆண்டவர் கோயிலுக்குப் போகிறார். மகத்தை ஒட்டிய நாள்களை அங்கே கழித்துவிட்டுத் திரும்புகிறார். அந்த மலையில் தவமிருந்த ஒரு சந்நியாசியைப் பற்றிய நம்பிக்கையே தலத்தின் வேர். விழாவைப் பொறுப்பேற்று நடத்துபவர்கள் நாட்டுக்கோட்டை நகரத்தார். பொய்யாத விநாயகர் கோயிலின் நிர்வாகமும் செட்டி சமூகத்தாரிடமிருந்து 1962இல் நகரத்தார் கைக்கு வந்தது. மலாக்கா செட்டி வேறு, நாட்டுக்கோட்டைச் செட்டியார் வேறு என்பதை இங்கே சொல்லிவிட வேண்டும். வெளியூர் எழுத்தாளர்கள் அடிக்கடி குழப்பிக்கொள்ளும் இடம் இது.

ரதம் ஏன் உள்நாட்டை நோக்கிப் போனது? தலபுராணம் சொல்லும் காரணம் ஒருபுறம் இருக்கட்டும். சமூக வரலாற்றின் பக்கமிருந்து பார்த்தால் அந்த வழி பொருளுள்ளது. 1896இல் தான் சே யான் என்ற மலாக்காச் சீனர் புக்கிட் லிந்தாங்கில் ரப்பரை வணிகப் பயிராக நட்டார். மலாயா முழுவதற்கும் அது முன்னோடி. பிறகு புக்கிட் அசஹான் போன்ற பெருந்தோட்டங்கள் வந்தன. ஜாசின், மெர்லிமாவ், கெமுனிங், தெபோங், டுரியான் துங்கல், அலோர் காஜா என்று மாநிலத்தின் உட்பகுதி முழுவதும் பால்மரமாயிற்று. தமிழ்நாட்டிலிருந்து கங்காணி வழியே வந்தவர்கள் அந்த மரங்களுக்கிடையில் லயங்கள் என்னும் வரிசை வீடுகளில் குடியேறினார்கள். பட்டணத்தில் வட்டிக்கடையும் கிட்டங்கியும் வைத்திருந்த நகரத்தாருக்கும் தோட்டத்தில் பால் வெட்டிய தொழிலாளிக்கும் இடையே கடனும் காசும் ஓடின, பந்தி ஓடவில்லை. மாசி மகத்தில் மட்டும் பட்டணத்துத் தெய்வம் தோட்டக்காரர்கள் வந்து சேரக்கூடிய இடத்துக்கு இறங்கிப் போனது. ரதப் பாதை இதற்காகவே வகுக்கப்பட்டது என்று சொல்ல வரவில்லை. நூறாண்டுப் பழக்கத்தில் அது இந்த வேலையைச் செய்தது என்கிறேன்.

காலமும் பொருந்தியது. பிப்ரவரி, மார்ச் மாதங்களில் பால்மரம் இலை உதிர்க்கும். புது இலை தளிர்க்கும்வரை பால் குறையும். மாசி மகம் அந்த இடைவெளிக்குள் விழுகிறது. தோட்டத்துக்காரர் பட்டணம் போய் இரண்டு நாள் தங்க முடிந்ததற்கு இதுவும் ஒரு காரணமாக இருந்திருக்க வேண்டும். இந்த வாதத்தை அளவுக்கு மேல் இழுக்கவும் கூடாது. வேலை குறையும் மாதம் கூலியும் குறையும் மாதம்தான். வெட்டிய பாலின் அளவைப் பார்த்துக் கூலி வாங்கியவருக்கு இலையுதிர் காலம் ஓய்வாக இருந்ததில்லை, பற்றாக்குறையாக இருந்தது. ஆகவே மரம் நேரத்தைக் கொடுத்தது என்று மட்டும் சொல்லலாம். பணத்தை அவர்கள் முந்திய மாதங்களில் சீட்டுப் பிடித்தும் சிறுகச் சேர்த்தும் வைத்திருந்தார்கள்.

இங்கே ஒரு மறுப்பு எழும். மாசி மகமே ஒரு காட்சிதானே, வெள்ளி ரதம் பார்க்கப்படுவதற்காகச் செய்யப்பட்டதுதானே, பிறகு சுற்றுலாக்காரன் பார்த்தால் என்ன குறைந்துவிடும் என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. பக்தி உள்ளே, பகட்டு வெளியே என்று பிரிக்கும் பழக்கம் நம் திருவிழாக்களுக்குப் பொருந்தாது. தேர் என்பதே தெருவுக்கு வரும் கோயில். நகரத்தாரின் வெள்ளி ரதம் பார்க்கப்பட வேண்டியதாகவே இருந்தது, கடன் தொழிலில் நாணயம் பார்வைக்குத் தெரிய வேண்டும் என்பதால். பர்மாவிலும் பினாங்கிலும் சிங்கப்பூரிலும் அவர்கள் தொழில் செய்த இடமெல்லாம் தண்டாயுதபாணிக்குக் கோயிலும் ரதமும் எழுந்ததில் இந்தக் கணக்கும் உண்டு. அப்படியானால் வேறுபாடு பார்வையாளர் யார் என்பதில் இருக்கிறது. அன்றைய பார்வையாளர் கடன் வாங்கியவர், கொடுத்தவர், நேர்ந்தவர், தண்ணீர்ப்பந்தல் வைத்தவர். பார்த்தவர் ஒவ்வொருவருக்கும் விழாவோடு ஏதோ ஒரு கணக்கு நிலுவையில் இருந்தது. அடுத்த ஆண்டும் அவர் அங்கே இருப்பார். படம் எடுத்துவிட்டு மறுநாள் கிளம்பும் பார்வையாளருக்கு நிலுவை எதுவும் இல்லை. அவர் வருவதால் விழா கெட்டுவிடாது. அவரை மட்டும் நம்பி விழா நிற்கவும் நிற்காது.

தோட்டத் திருவிழாவைப் பார்த்தால் இந்த நிலுவைக் கணக்கு இன்னும் தெளிவாகும். மலாயாத் தோட்டங்களில் கோயில் வரி செக்ரோல் என்னும் கூலிப் பதிவேட்டில் எழுதப்பட்டுச் சம்பளத்தில் பிடிக்கப்பட்டது. துரை அனுமதித்தார், கிராணி எழுதினார், கங்காணிகள் முன்நின்றார்கள். திருவிழா நாள்கள் உபயங்களாகப் பங்கிடப்பட்டன. ஒரு நாள் ஒரு குடும்பத்துக்கு, ஒரு நாள் ஒரு டிவிஷனுக்கு, ஒரு நாள் கடைக்காரருக்கு. கரகம் யார் தூக்குவது, தீக்குழிக்கு விறகு யார் அடுக்குவது, கூழ் எந்த வீட்டு முற்றத்தில் காய்ச்சுவது என்பதெல்லாம் உரிமையும் கடமையும் சேர்ந்த பங்குகள். இதில் சாதியும் அதிகாரமும் கலந்திருந்தன, அதை மறைத்துப் பொற்காலமாக்க வேண்டியதில்லை. முதல் மரியாதைக்காக அடிதடி நடந்த தோட்டங்கள் உண்டு. ஆனால் உபயம் ஒரு விஷயத்தை உறுதி செய்தது. விழாவை எடுப்பவன் யார் என்பதில் ஐயம் இருக்கவில்லை. நீஸ் நகரக் குழுவைப் போல யாரோ சிலர் கூடிப் பிறருக்காக நிகழ்ச்சி தயாரிக்கவில்லை; ஊரே தனக்கு விழா எடுத்தது.

1950களிலும் 60களிலும் ஆங்கிலக் கம்பெனிகள் தோட்டங்களை விற்றுத் துண்டாடியபோது இந்த அமைப்பு ஆட்டம் கண்டது. துண்டாடலுக்கு எதிராகத் தோட்டங்களைத் தொழிலாளர்களே வாங்க வேண்டும் என்று வீ. தி. சம்பந்தன் 1960இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தை அமைத்தார். நாடு தழுவிய அந்த முயற்சியால் சில தோட்டங்கள் தப்பின, பெரும்பாலானவை தப்பவில்லை. பிறகு பால்மரத்தின் இடத்தில் செம்பனை வந்தது, செம்பனைக்கு ஆள் குறைவு போதும். 1970களில் பத்து பெரெண்டாம் சுதந்திர வர்த்தக வட்டாரம் தோட்டத்துப் பிள்ளைகளைத் தொழிற்சாலைக்கு இழுத்தது. லயங்கள் காலியாயின. மாநிலத்தின் 21 தமிழ்ப்பள்ளிகளில் பலவும் இன்னும் தோட்டங்களின் பெயரைச் சுமக்கின்றன. டைமண்ட் ஜூபிலி, புக்கிட் லிந்தாங், கெமுனிங் என்று அந்தப் பெயர்கள் பள்ளிப் பலகையில் வாழ்கின்றன, சுற்றிலும் குடிகள் அருகிவிட்டார்கள்.

ஆச்சரியம் இதற்குப் பிறகுதான். குடிகள் போன தோட்டங்களிலும் திருவிழா நிற்கவில்லை. ஜொகூர் பாருவிலும் கிள்ளானிலும் சிங்கப்பூரிலும் வாழும் பழைய தோட்டக்காரர்கள் ஆண்டுக்கொரு முறை அந்தக் கோயிலுக்குத் திரும்புகிறார்கள்; பள்ளி விடுமுறையையோ நீண்ட வாரக்கடைசியையோ பார்த்துத் தேதி குறிக்கப்படுகிறது. லயம் இருந்த இடத்தில் செம்பனை நிற்கிறது, ஆனால் உபயம் அதே குடும்பத்தின் பெயரில் போகிறது. சுற்றுலாப் புள்ளிவிவரத்தில் இவர்கள் எந்தக் கட்டத்தில் வருவார்கள்? நகர விடுதியில் தங்கினால் ‘உள்நாட்டுச் சுற்றுப்பயணி’. சித்தப்பா வீட்டில் தங்கினால் கணக்கிலேயே இல்லை. மாநிலத்தின் மக்கள்தொகை ஏறத்தாழ 10 இலட்சம். அதில் இந்தியர் ஏறக்குறைய ஆறு விழுக்காடு. இவ்வளவு சிறிய சமூகத்தின் விழாக்களுக்கு ஏன் இவ்வளவு கவலை என்று கேட்பவர்களுக்கு இதுவே என் பதில். விழாவின் அளவை மாநில எல்லைக்குள் இருக்கும் தலைகளை எண்ணி அறிய முடியாது. திரும்பி வருகிறவர்களையும் சேர்த்துத்தான் எண்ண வேண்டும்.

திரும்பி வருவதற்கு ஓர் இடம் வேண்டும், சிக்கல் அங்கேதான். பழைய தோட்டக் கோயில்களில் பல கம்பெனி நிலத்தில் எழுந்தவை; கோயில் பெயரில் பட்டா இல்லாதவை. துரை வாய்மொழியாகக் கொடுத்த இடம், அடுத்த உரிமையாளர் கண்ணில் ஆக்கிரமிப்பு. நிலம் கைமாறி வீடமைப்புத் திட்டமோ தொழிற்பேட்டையோ வரும்போது கோயிலை ‘மாற்றிடத்துக்கு’ நகர்த்தச் சொல்வார்கள். இடம் கிடைத்தாலும், தீமிதிக்கு வேண்டிய வெளியும் ஊர்வலத்துக்கு வேண்டிய வழியும் புதிய இடத்தில் கிடைப்பது அரிது. சிலையை நகர்த்தலாம், திருவிழாவை நகர்த்த முடியாது. நகரத்திலும் இதே நிலைதான். 2008 ஜூலையில் யுனெஸ்கோ மலாக்காவையும் ஜார்ஜ் டவுனையும் உலக மரபுரிமைப் பட்டியலில் சேர்த்தபோது பல்சமய வாழ்வு என்ற வாழும் மரபையும் காரணமாகச் சொன்னது. ஆனால் காஜா பெராங்கில் செட்டிகள் வாழும் கிராமமான கம்போங் செட்டி அந்தப் பாதுகாப்பு எல்லைக்கு வெளியே இருக்கிறது. 2013, 2014 வாக்கில் கிராமத்தை ஒட்டி உயரமான அடுக்குமாடிகளும் ஹோட்டலும் கட்டும் திட்டம் வந்து, செட்டி மக்கள் வெளிப்படையாக எதிர்த்தார்கள். ஊர்வலத்தைப் பார்க்க வருபவர்களுக்கு அறை வேண்டும் என்பதற்காக ஊர்வலம் புறப்படும் கிராமத்தை நெருக்குவது என்ன கணக்கு என்று அவர்கள் கேட்கும் நிலை வந்தது.

இதே கடற்கரையில் இன்னொரு சமூகமும் இந்தக் கேள்வியைக் கேட்டுக்கொண்டிருக்கிறது. உஜோங் பாசிரில் உள்ள போர்ச்சுக்கீசியக் குடியிருப்பில் கிரிஸ்தாங் மக்கள் ஜூன் 29இல் மீனவர்களின் காவலரான புனித பேதுருவுக்கு விழா எடுக்கிறார்கள். படகுகளை அலங்கரித்து மந்திரிக்கிறார்கள். மாநிலத்தின் நிகழ்ச்சிப் பட்டியலில் இது முதல் வரிசையில் வரும். ஆனால் கரையை மண்ணிட்டு நிரப்பும் வேலைகள் பல பத்தாண்டுகளாகக் கடலைத் தள்ளிக்கொண்டே போனதில், கரையோரத்தில் கெராகாவ் என்னும் சிற்றிறாலைத் தள்ளுவலையால் பிடித்துப் பிழைத்தவர்களின் தொழில் தேய்ந்துவிட்டது. படகு அலங்காரப் போட்டி நடக்கும். படகு ஓட்டத்தான் கடல் தூரமாகிப் போயிற்று. தமிழர்களின் தோட்டக் கோயிலுக்கும் கிரிஸ்தாங் மீனவரின் கரைக்கும் உள்ள ஒற்றுமை தற்செயலானதல்ல. இரண்டிலும் விழா கொண்டாடப்படுகிறது, விழாவுக்கு அடியில் இருந்த தொழிலும் நிலமும் கொண்டாட்டத்துக்குத் தொடர்பில்லாத முடிவுகளால் பறிபோகின்றன.

சுற்றுலாப் பணம் இல்லையென்றால் இந்த விழாக்கள் எப்போதோ செத்திருக்கும் என்ற வாதம் வலுவானது, அதை எளிதில் தள்ள முடியாது. ஜாலான் பெண்டஹாராவை ஒட்டிய லிட்டல் இந்தியாவின் பூக்கடைக்கும் சேலைக்கடைக்கும் பலகாரக் கடைக்கும் வெளியூர்க் கூட்டம் வேண்டும். காஜா பெராங்கின் செட்டி அருங்காட்சியகத்துக்குள் போகிறவர்களில் பாதிப்பேருக்கு அந்தச் சமூகம் இருப்பதே வாசலில்தான் தெரிகிறது. சிங்கப்பூரின் இந்திய மரபுடைமை நிலையம் 2018இல் மலாக்கா செட்டிகளைப் பற்றிக் கண்காட்சி வைத்தபோது, கூச்சத்தோடு ஒதுங்கியிருந்த இளையவர்கள் தங்களைச் செட்டி என்று சொல்லிக்கொள்ளத் துணிவு பெற்றிருந்தால் அதுவும் வெளியார் கவனத்தின் பயன்தான். தெற்குப் பிரான்சின் செயின்ட் மேரி தெ லா மேர் கடற்கரை ஊரில் ஒவ்வொரு மே 24ஆம் நாளும் ரோமா மக்கள் கறுப்பு நிறப் புனிதை சாராவைக் கடலுக்குத் தூக்கிச் செல்கிறார்கள். அவர்களைச் சூழ்ந்து பயணிகள் கூட்டம் அலைமோதும். அந்த ஊர்வலத்துக்கு 1935இல்தான் அனுமதி கிடைத்தது, அதுவும் வெளியார் ஒருவரின் முயற்சியால். வெளியார் கை படாத தூய மரபு என்று எதையும் தூக்கிப் பிடிக்க முடியாது.

ஆனால் அதே எடுத்துக்காட்டு எதிர்த்திசையிலும் பேசுகிறது. அங்கே ஆண்டுதோறும் நாடோடி வண்டிகள் வந்து தங்குவதற்கு ஊர் இடம் விடுகிறது. அவர்கள் வராவிட்டால் பயணிகள் பார்க்க ஒரு சிலையும் மணலும்தான் மிஞ்சும். மறுபக்கம் வெனிஸ் நகரத்தைப் பாருங்கள். வருகையாளர் பெருகி உள்ளூர்க் குடிகள் தேய்ந்த அந்த நகரம், 2024 ஏப்ரல் 25 முதல் குறிப்பிட்ட நாள்களில் பகல்நேரப் பயணிகளிடம் ஐந்து யூரோ நுழைவுக் கட்டணம் வாங்கத் தொடங்கியது. கூட்டத்தைச் சேர்ப்பதில் வென்றவர்கள் கடைசியில் கூட்டத்துக்கே சுங்கம் போடும் நிலைக்கு வந்தார்கள். மலாக்கா 2024ஐத் தன் வருகை ஆண்டாக அறிவித்துக் கொண்டாடியது. கொண்டாடட்டும். ஜோங்கர் தெருவின் வாரக்கடைசி நெரிசலில் நடந்து பார்த்த எவருக்கும் வெனிஸ் அவ்வளவு தூரமாகத் தெரியாது.

நாள்காட்டியிலிருந்தே அரசின் மனம் தெரியும். 1956 பிப்ரவரி 20இல் துங்கு அப்துல் ரஹ்மான் சுதந்திர நாளை அறிவித்தது பண்டார் ஹிலிர் திடலில். அந்த நாள் இப்போது மாநிலப் பொது விடுமுறை, தகுதியான விடுமுறை. தைப்பூசம் பக்கத்து நெகிரி செம்பிலானிலும் ஜொகூரிலும் பொது விடுமுறை; மலாக்காவின் பட்டியலில் அது இடம்பெறாமலே இருந்து வந்திருக்கிறது. மாசி மகத்துக்கும் பொது விடுமுறை கிடையாது. சுற்றுலா விளம்பரத்தில் காவடிப் படம் வருகிறது, விடுமுறைப் பட்டியலில் காவடி தூக்குபவருக்கு ஒரு நாள் வருவதில்லை. பொது விடுமுறை எல்லாச் சமூகத்துக்கும் ஒன்றாகக் கொடுக்க முடியாது, பொருளாதாரம் தாங்காது என்பார்கள். ஒத்துக்கொள்ளலாம். அப்படியானால் படத்தையும் அளவோடு போட வேண்டும்.

ஆகவே மாநில அரசிடமும் சுற்றுலாத் துறையிடமும் கேட்க வேண்டியவை பெரிய செலவு பிடிக்காதவை. பழைய தோட்டக் கோயில்களின் நிலத்தை, திருவிழாவுக்கு வேண்டிய வெளியும் வழியும் சேர்த்து, கோயில் நிர்வாகங்களின் பெயரில் பதிவுசெய்ய வேண்டும். வெள்ளி ரதத்தின் பாதையையும் டத்தோக் சச்சார் ஊர்வலத்தின் பாதையையும் கட்டட அனுமதி கொடுக்கும் வரைபடங்களில் குறிக்க வேண்டும். கம்போங் செட்டியைச் சுற்றி உயரக் கட்டுப்பாடு வேண்டும். பார்ச்சு போன்ற வீட்டுச் சடங்குகளை ‘நிகழ்ச்சி’யாக மேடை ஏற்றும் ஆசையை விட்டுவிட வேண்டும். நம் பக்கத்திலும் ஒரு வேலை பாக்கியிருக்கிறது. ஒவ்வொரு தோட்டக் கோயிலின் உபயப் பட்டியலும் பழைய நோட்டுகளிலும் பெரியவர்களின் நினைவிலும் கிடக்கிறது. அவற்றைப் படியெடுத்து வைப்பது தமிழ்ப்பள்ளி வாரியங்களாலும் ஆலய நிர்வாகங்களாலும் ஓராண்டுக்குள் முடியக்கூடிய வேலை. நில உரிமை வழக்கு வரும் நாளில், யார் எந்த ஆண்டிலிருந்து அந்த இடத்தில் விழா எடுத்தார்கள் என்பதற்கு அந்த நோட்டுதான் சாட்சி சொல்லும். அடுத்த திருவிழாவுக்குத் தோட்டம் திரும்புகிறவர்கள் அதை முதலில் கேட்டு வாங்கிப் பார்க்கட்டும்.